குறிப்பாணைக்கு விளக்கம்

பெறுநர்: தலைமையாசிரியை,
அரசினர் பெண்கள் உயர்நிலைப் பள்ளி, கனுமபேட்டை.
பொருள்: வியாழன் பிற்பகல்
பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவியர் நாற்பத்தொருவர்
அனுமதியின்றி வாயிற்கதவைத் தாண்டியது.

அம்மா,
தாண்டியது உண்மை.
நாற்பத்தொருவர் அல்ல, நாற்பது.
தில்ஷாத் வயிற்றுவலியில் மேசைமேல் கவிழ்ந்திருந்தாள்.
எங்கள் பைகளுக்கு அவள்தான் காவல்.

பாடம்: உயரங்களும் தூரங்களும்.
புத்தகத்தின் ஒவ்வொரு கணக்கிலும்
ஒருவர் கலங்கரை விளக்கத்தின் உச்சியில் நிற்கிறார்.
எப்போதும் ஆண்.
"பொம்பளைங்க ஏறக் கூடாதா மிஸ்?"
கேட்டவள் நாகஜோதி.
"ஏறலாம்டீ, நாலு பத்துக்கு பெல் அடிச்ச பிறகு."
சொன்னவள் யாரென்று தெரியும்.
எழுத மாட்டேன்.

மதிலை ஒட்டி விசைத்தறிக் கூடம்.
மூன்று வருடத்தில் என் குரல்
மாடு விரட்டுகிறவள் குரலாகிவிட்டது.
அன்று இரண்டு பத்துக்கு மின்சாரம் போனது.
தறிகள் நின்றன.
'டேன் தீட்டா' என்று நான் கத்தியது
உங்கள் அறைவரை வந்திருக்கும்.
அந்த அமைதியில்தான் முதன்முறையாகக் கேட்டேன்:
வகுப்பே முணுமுணுக்கிறது.
மூடு எனிமிதிலு இரவை நாலுகு.
கேள்வியைத் தமிழில் படித்து
தெலுங்கில் பெருக்கி
விடையைத் தமிழில் எழுதுகிறார்கள்.
நடுவில் உள்ள வரி தாளில் விழுவதே இல்லை.
'படிநிலைகள் எங்கே?' என்று
சிவப்பு மையில் கேட்டு
இத்தனை நாள் மதிப்பெண் குறைத்திருக்கிறேன்.

ஜன்னலில் மூக்குமலை.
அது எவ்வளவு உயரம் மிஸ்?
புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் அதற்கு விடை இல்லை.
பாகைமானி, நூல், தறியிலிருந்து கழன்ற ஒரு நட்டு.
கோணம் பார்க்க அது போதும்.
ஆனால் மலையின் அடியைத் தொட முடியாதபோது
இரண்டு இடத்தில் நின்று பார்க்க வேண்டும்.
நம் மைதானம் காணாது அம்மா.
கோ-கோ கம்பத்திலிருந்து கழிவறைச் சுவர்வரை நடந்தும்
கோணம் அசையவில்லை.

நகரி சாலையில் இறங்கினோம்.
ஐம்பது மீட்டர் நாடா, விளையாட்டு அறையிலிருந்து,
கையொப்பமிட்டு எடுத்தது.
பதினைந்தாம் முறை நீட்டியபோது சோதனைச் சாவடி.
நாடாவின் பூஜ்ஜியம் தமிழ்நாட்டில், மறுமுனை ஆந்திராவில்.
காவலர் ஓடி வந்தார்.
சாலை மறியல் என்று நினைத்திருப்பார்.
முனிலட்சுமி முன்னால் போனாள்.
என் தரப்பட்டியலில் முப்பத்தெட்டாவது பெயர்,
வகுப்பில் 'உள்ளேன்' தவிர வேறு சொல்லாதவள்.
டேன்ஜென்ட் என்றால் என்னவென்று
கையை மலையாக்கி, முழங்கையைச் சாலையாக்கி,
தெலுங்கில் அவருக்கு நடத்தினாள்.
எனக்குப் பாதி புரிந்தது.
அவருக்கு முழுதும் புரிந்திருக்க வேண்டும்.
நாடா கடக்கும்வரை
ஒரு கரும்பு லாரியை நிறுத்தி வைத்தார்.

பள்ளி முகப்பில் அடக்கம், அமைதி, ஒழுக்கம் என்று இருக்கிறது.
'அமைதி'யின்மேல் தேன்கூடு.
வகுப்புச் சுவரில் 'தாய்மொழியில் பேசு'.
அதைப் படித்துவிட்டுத்தான்
அவர்கள் வாயை மூடிக்கொள்கிறார்கள்.
இதை எந்தத் தலைப்பின்கீழ் எழுதுவதென்று தெரியாமல்
இங்கே எழுதுகிறேன்.

ஏழு குழு, ஏழு உயரம்.
பெரியதற்கும் சிறியதற்கும் இருநூறு மீட்டர் வித்தியாசம்.
அளந்தவளின் கண்மட்டத்தைக் கடைசியில் கூட்டவேண்டும்;
ஆறு குழு மறந்துவிட்டது.
முனிலட்சுமி மட்டும் கூட்டியிருந்தாள்:
ஒரு மீட்டர் நாற்பத்திரண்டு.
அத்தனை பெரிய மலையில் இது கணக்கிலேயே வராதடி என்றேன்.
"இருக்கட்டும் மிஸ். நின்னது நானு."

மூன்று ஐம்பதுக்குத் திரும்பிவிட்டோம்.
எண்ணினேன். நாற்பது.
தில்ஷாத் எழுந்து உட்கார்ந்து
தன்னை ஏன் விட்டுப் போனோம் என்று அழுதுகொண்டிருந்தாள்.

இனி இவ்வாறு நிகழாது என்று
உறுதி எழுதித் தரச் சொல்லியிருக்கிறீர்கள்.
'அ' பிரிவு இரண்டு நாளாக
ஆசிரியர் அறை வாசலில் நிற்கிறது.
அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
இரா. தவச்செல்வி,
பட்டதாரி ஆசிரியை, கணிதம்.

இணைப்பு: நாடா ஒன்று.
முப்பத்திரண்டாம் மீட்டரில் அறுந்தது,
பாவுநூலில் முடிச்சிட்டது.